விஏ மறுத்த பிறகு மூன்று பாதைகள்: விறைப்புக் குறைபாட்டு கிளெய்முக்கு எது சரி?

என் மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அக்கா உள்ளே போனதும், பைக்குள்ளிருந்து ஒரு நீள உறையை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "மாமா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. அக்காகிட்ட இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்."

அவர் மேல்படிப்புக்காக அமெரிக்கா வந்தவர். 2010இல் மாவ்னி திட்டத்தில் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தார். கிரீன் கார்டு இல்லாதவர்களையும், ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்திருந்தால் சேர்த்துக்கொண்டு, குடியுரிமைக்கும் வழிசெய்த திட்டம் அது. 2009இல் தொடங்கி 2016இல் நின்றது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுத அதுவே எனக்குப் போதுமான காரணம். அப்படிச் சேர்ந்த நம் பிள்ளைகள் பலர் இப்போது நாற்பதை நெருங்குகிறார்கள்.

ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியபின் அவருக்கு பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு, இருப்பதாக உறுதியானது. அதற்கு 50 சதவீத ரேட்டிங் கிடைத்தது. பாதிப்பின் அளவைச் சொல்லும் சதவீதம் அது, உதவித்தொகை அதைப் பொறுத்தது. செர்ட்ரலின் மாத்திரை கொடுத்தார்கள். அளவைக் கூட்டிய சில மாதங்களில் விறைப்புக் குறைபாடு தொடங்கியது. மூன்று வருடம் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் தைரியம் வந்து, அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையான விஏ-வில் உதவித்தொகை கேட்டு கிளெய்ம் போட்டார். அந்த உறைக்குள் இருந்தது மறுப்புக் கடிதம். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஊரில் இந்தக் குறைக்கு 'ஆண்மைக்குறைவு' என்று பெயர். பஸ் ஸ்டாண்டு சுவரிலும், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்குகிறார் என்ற விளம்பரத்திலும் பார்த்துப் பார்த்து நம் தலைக்குள் ஏறிய சொல். அந்தச் சொல்லை நான் இங்கே பயன்படுத்தப் போவதில்லை. ரத்த ஓட்டம், நரம்பு, ஹார்மோன், மருந்து, மனம் இவற்றில் ஏதோ ஒன்று தடைபடுவதால் வருவது இது. முட்டியில் பட்ட அடிக்கு கிளெய்ம் போட வெட்கப்படாதவர்கள் இதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் வெட்கத்தால் நிஜமான நஷ்டம் வருகிறது. டாக்டரிடம் சொல்லாத குறை மருத்துவப் பதிவில் இருக்காது. பதிவில் இல்லாததை விஏ-வும் பார்க்க முடியாது.

முதலில், எதற்காக அப்பீல்?

பாதைகளை ஒப்பிடுவதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பலர் ரேட்டிங் சதவீதத்துக்காக அப்பீல் போட நினைக்கிறார்கள். இந்தக் குறைபாட்டில் அது பெரும்பாலும் வீண் முயற்சி.

விஏ-வின் ரேட்டிங் அட்டவணையில் விறைப்புக் குறைபாட்டுக்கான குறியீட்டு எண் 7522. முன்பு உறுப்பில் வடிவக்கோளாறும் இருந்து விறைப்பும் இல்லாமல் போனால் 20 சதவீதம் கிடைத்தது. 2021 நவம்பர் 14 முதல் அந்த விதி மாறிவிட்டது. வடிவக்கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போது 0 சதவீதம்தான். பழைய விதியில் 20 சதவீதம் வாங்கியவர்கள் பயப்பட வேண்டாம். அட்டவணை மாறியது என்ற ஒரே காரணத்துக்காக அவர்களுடைய ரேட்டிங்கைக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை.

சரி, 0 சதவீதத்துக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று மச்சினனும் கேட்டார். பதில் எஸ்எம்சி-கே. சாதாரண ரேட்டிங்குக்கு வெளியே, உடலுறுப்பு இழப்புக்கும் பயனிழப்புக்கும் தனியாகக் கொடுக்கும் தொகை அது. இனப்பெருக்க உறுப்பின் பயனிழப்பும் அதில் அடங்கும். 7522இல் 0 சதவீதம் வந்தாலும், படைப்பணியோடு தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டாலே இந்தத் தொகையைப் பற்றி விஏ பரிசீலிக்க வேண்டும். அட்டவணையின் அடிக்குறிப்பே அப்படிச் சொல்கிறது. 2025ஆம் ஆண்டின் கணக்கில் மாதம் 136.06 டாலர். ஏற்கெனவே வாங்கும் உதவித்தொகையோடு சேர்த்துத் தருவார்கள், வரி கிடையாது. வருடத்துக்கு 1,632 டாலர் சொச்சம், வாழ்நாள் முழுக்க. பெண் வீரர்களுக்கும் இதற்கு இணையான பாலியல் குறைபாட்டுக்கு இதே எஸ்எம்சி-கே உண்டு. அது பலருக்குத் தெரிவதில்லை.

ஆக, அப்பீல் போட்டால் மூன்றில் ஒன்றுக்காகத்தான் போட வேண்டும். பணித்தொடர்பை ஒப்புக்கொள்ள வைக்க, விட்டுப்போன எஸ்எம்சி-கே-யைக் கேட்க, அல்லது பணம் எந்தத் தேதியிலிருந்து என்ற கணக்கைத் திருத்த. சதவீதத்தை ஏற்ற வேண்டும் என்று மட்டும் யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

கடிதத்தைப் படிப்பது

மச்சினனின் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை எரிச்சலோடு. இரண்டாவது முறை பென்சிலோடு.

மறுப்புக் கடிதத்தில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, சாதகமான முடிவுகள் என்ற பகுதி. இந்தக் குறைபாடு உங்களுக்கு இருப்பதை ஒப்புக்கொள்கிறோம், பிடிஎஸ்டி பணித்தொடர்புடையது என்று ஏற்கெனவே ஏற்றிருக்கிறோம், என்பது மாதிரியான வரிகள் அங்கே இருக்கும். அப்படி எழுதிக்கொடுத்தது மேலே போகும் ஒவ்வொரு கட்டத்திலும் விஏ-வைக் கட்டுப்படுத்தும். அப்பட்டமான பிழை என்று நிரூபித்தால் ஒழிய மாற்ற முடியாது. அந்த வரிகளை மறுபடி நிரூபிக்க நேரம் செலவிட வேண்டியதில்லை.

இரண்டாவது, எந்த அம்சம் நிறைவேறவில்லை என்று சொல்லும் இடம். பணித்தொடர்புக்கு மூன்று விஷயங்கள் வேண்டும். இப்போது குறைபாடு இருக்க வேண்டும். பணிக்காலத்தில் ஒரு நிகழ்வோ நோயோ, அல்லது ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேறொரு பாதிப்போ இருக்க வேண்டும். அப்புறம் இரண்டையும் கோக்கும் மருத்துவக் கருத்து. அதை அங்கே நெக்ஸஸ் என்கிறார்கள்.

மச்சினன் தன் கிளெய்மில் குறைபாட்டின் பெயரை மட்டும் எழுதியிருந்தார். பிடிஎஸ்டி மருந்தால் வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. பணிக்கால மருத்துவப் பதிவில் இப்படி ஒரு புகார் இல்லை, தொடர்பு காட்டும் சான்றும் இல்லை என்று கடிதம் சொன்னது. கையில் இருந்த காகிதங்களை வைத்துப் பார்த்தால் அது சரிதான். எங்களுக்குத்தான் எதைக் காட்ட வேண்டும் என்று தெரியவில்லை.

அந்த ஒரு வரி தெரிந்ததும் எந்தப் பாதை என்பதில் முக்கால்வாசி முடிவாகிவிட்டது.

சப்ளிமென்டல் கிளெய்ம்: சான்று குறைந்தவர்களுக்கு

2017இல் நிறைவேறிய அப்பீல் சீர்திருத்தச் சட்டம் 2019 பிப்ரவரி 19இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் மறுப்புக் கடிதம் வாங்கிய ஒருவருக்கு மூன்று பாதைகள்: சப்ளிமென்டல் கிளெய்ம், ஹையர் லெவல் ரிவ்யூ, போர்டு அப்பீல்.

முதல் பாதைக்கு 20-0995 எண் படிவம். நிபந்தனை ஒன்றுதான். முன்பு கோப்பில் இல்லாத, விஷயத்துக்குப் பொருந்துகிற புதிய சான்று ஒன்றாவது வேண்டும். அது கிளெய்மை ஜெயிக்க வைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. நிரூபிக்க வேண்டிய ஏதோ ஒரு விஷயத்தைத் தொட்டால் போதும், கதவு திறக்கும். திறந்தபின் சான்று திரட்ட உதவும் கடமை விஏ-வுக்கு உண்டு. பதிவுகளை வரவழைப்பது, தேவைப்பட்டால் புதிய மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் அதில் வரும். மற்ற இரண்டு பாதைகளில் இந்தக் கடமை இல்லை. விறைப்புக் குறைபாட்டுக்கு இந்தப் பாதையை நான் முதலில் சொல்வதற்கு அதுதான் காரணம். இந்தக் குறைபாட்டில் மறுப்பு வருவது பெரும்பாலும் கோக்கும் கயிறு இல்லாததால்தான். அந்தக் கயிற்றைப் புதிதாகத் திரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

மச்சினனின் குடும்ப டாக்டரிடம் போனோம். நல்ல மனிதர். உடனே ஒரு கடிதம் கொடுத்தார். அதில் இரண்டே வரி. இவருக்கு விறைப்புக் குறைபாடு இருக்கிறது, இது இவர் எடுக்கும் மருந்தோடு தொடர்புடையதாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்ற அந்த ஒரு சொல் கடிதத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம். அங்கே கேட்கும் அளவுகோல் வேறு. 'இல்லை' என்பதற்கு எவ்வளவு வாய்ப்போ, 'ஆம்' என்பதற்கும் குறைந்தது அவ்வளவு வாய்ப்பு இருக்க வேண்டும். அதாவது பாதிக்குப் பாதி. தராசு சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்று சட்டம் சொல்கிறது. நூறு சதவீத உறுதியை யாரும் கேட்கவில்லை. ஆனால் பாதிக்குப் பாதி என்பதை டாக்டர் வாய்விட்டு எழுத வேண்டும், ஏன் என்றும் எழுத வேண்டும்.

இரண்டாவது முறை போனபோது மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போனோம். செர்ட்ரலின் தொடங்கிய மாதம், அளவைக் கூட்டிய மாதம், முதல் புகார். டாக்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரு பக்கம் எழுதினார். இவருடைய பதிவுகளை முழுக்கப் பார்த்தேன். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, புகைபிடிப்பதில்லை. மருந்துக்கு முன் இந்தப் புகார் எங்கும் இல்லை, அளவு கூடிய சில மாதங்களில் தொடங்கியிருக்கிறது. இந்த வகை மருந்துகள் பாலியல் செயல்பாட்டைப் பாதிக்கும் என்பது மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆகவே பிடிஎஸ்டிக்காக எடுக்கும் மருந்தால் இது வந்திருக்க, வராமலிருப்பதற்குக் குறையாத வாய்ப்பு உண்டு. கடைசியில் இன்னொரு வரி: ஒருவேளை வேறு காரணத்தால் தொடங்கியிருந்தாலும், இந்த மருந்து அதை அதிகப்படுத்தியிருக்கிறது.

அந்தக் கடைசி வரியைக் கேட்டு வாங்கியது நான்தான். ஒப்புக்கொண்ட ஒரு பாதிப்பு இன்னொன்றை உண்டாக்கினாலும் சரி, ஏற்கெனவே இருந்ததை மோசமாக்கினாலும் சரி, இரண்டாம் நிலைத் தொடர்பு உண்டு என்பது அமெரிக்க அரசு விதித்தொகுப்பில் 38 சிஎஃப்ஆர் 3.310 விதி. உண்டாக்கியதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு மோசமாக்கியதா என்பதை விட்டுவிடும் மருத்துவக் கருத்து போதாது என்று, படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் எல்-அமின் வழக்கில் தீர்ப்பளித்தது. அதனால் இரண்டையும் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுவது நல்லது. சர்க்கரையோ புகைப்பழக்கமோ இருப்பவர்கள் அதை மறைக்க வேண்டாம். டாக்டர் அதையும் எடுத்துச் சொல்லி, அதற்குப் பிறகும் மருந்துக்கு ஏன் பங்கு உண்டு என்று விளக்கினால் கடிதத்துக்கு எடை கூடும்.

மனைவியின் சாட்சியத்துக்கு 21-10210 என்ற படிவம் இருக்கிறது. மச்சினன் மனைவி முதலில் தயங்கினாள். என்ன எழுதுவது, எப்படி எழுதுவது? அந்தரங்கத்தை விவரிக்கத் தேவையில்லை என்று சொன்னேன். எப்போது மாறியது, எப்படித் தெரிந்தது, வீட்டில் என்ன ஆனது, இவ்வளவுதான். அவள் முதலில் தமிழில் நோட்டில் எழுதினாள். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபின்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், அந்த வருடத் தீபாவளிக்குள் இவர் தனி அறையில் படுக்க ஆரம்பித்துவிட்டார், காரணத்தைக் கேட்டதற்குத் தூக்கம் வரவில்லை என்றார். அதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தோம். ஊர்ப் பயணத்தின் தேதி பாஸ்போர்ட்டில் இருந்தது, மாத்திரையின் தேதி சீட்டில் இருந்தது. மருத்துவக் காரணத்தை மனைவி சொல்ல முடியாது. ஆனால் கண்ணால் கண்டதை, எப்போது கண்டாள் என்பதைச் சொல்ல அவளுக்குத் தகுதி உண்டு.

மருந்து மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். பிராஸ்டேட் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, முதுகெலும்பு நரம்புக் காயம், ரத்த அழுத்தம் எல்லாம் இந்தக் குறைபாட்டுக்குக் கொண்டுபோகும் வழிகள். வியட்நாம் போரில் ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி பட்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் பிராஸ்டேட் புற்றுநோயும் தானாகவே பணித்தொடர்பாகக் கருதப்படும் பட்டியலில் உள்ளன. 2022 ஆகஸ்ட் 10இல் கையெழுத்தான பேக்ட் சட்டம் ரத்த அழுத்தத்தையும் அதில் சேர்த்தது. முதல் கண்ணி தானாகவே கிடைத்துவிட்டால், இரண்டாவது கண்ணியை மட்டும் கோத்தால் போதும்.

பரிசோதனைக்கு அழைத்தால் கண்டிப்பாகப் போக வேண்டும். மச்சினனுக்கு இதில்தான் பெரிய பயம். அவருக்கு நிம்மதி கொடுத்த ஒரு விவரம்: அந்தப் பரிசோதனைப் படிவத்திலேயே, 'வீரர் கேட்டுக்கொண்டதால் உறுப்பு பரிசோதிக்கப்படவில்லை, கோளாறு எதுவும் இல்லை என்று அவரே தெரிவிக்கிறார்' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லலாம். விறைப்புக்கான மருந்து இல்லாமல் எப்படி, அதை எடுத்தால் எப்படி என்று இரண்டு கேள்விகளும் தனித்தனியாக வரும். இரண்டுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

ஹையர் லெவல் ரிவ்யூ: அவர்கள் கவனிக்காமல் விட்டிருந்தால்

இதற்கு 20-0996 படிவம். அனுபவம் கூடிய இன்னொரு அதிகாரி அதே கோப்பை முதலிலிருந்து பார்ப்பார். புதிதாக ஒரு காகிதம்கூடச் சேர்க்க முடியாது. கோப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது, படித்தவர்தான் தவறவிட்டார் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

அப்படி நடக்கும் இடங்கள் உண்டு. விறைப்புக் குறைபாட்டுக்குப் பணித்தொடர்பு கொடுத்து 0 சதவீதம் போட்டு, எஸ்எம்சி-கே பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் இதுதான் சரியான பாதை. டாக்டர் கடிதம் கோப்பில் இருக்கும்போதே மருத்துவக் கருத்து எதுவும் இல்லை என்று முடிவில் எழுதியிருந்தாலும் அப்படியே. கிளெய்ம் தேதியைத் தவறாகக் கணக்கிட்டிருந்தாலும் இங்கேதான் போக வேண்டும். பரிசோதித்தவர் மோசமாக்கியதா என்ற கேள்வியைத் தொடாமல் விட்டிருந்தால், இந்த அதிகாரியே முடிவு கொடுக்காவிட்டாலும், கடமை தவறிய பிழை என்று குறித்துப் புதிய கருத்து வாங்கக் கோப்பைத் திருப்பி அனுப்புவார். பணம் கணக்காகும் முதல் கிளெய்ம் தேதி கைவிட்டுப் போகாது.

விண்ணப்பத்திலேயே ஒரு தொலைபேசி உரையாடல் கேட்கலாம். ஒரே ஒரு முறைதான். அதில் புதிய சான்று பேச முடியாது. கோப்பின் எந்தப் பக்கத்தில் எந்த வரியைப் பார்க்கவில்லை என்று சுட்டிக்காட்டலாம். அதை எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள். கோபத்தைக் கொட்ட அது இடமல்ல, நேரமும் போதாது.

மச்சினன் முதலில் இதைத்தான் போட நினைத்தார். பெரிய அதிகாரி பார்த்தால் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை. கோப்பில் இல்லாததைப் பெரிய அதிகாரியாலும் பார்க்க முடியாது. நாலு மாதம் வீணாகியிருக்கும். இதற்கும் சப்ளிமென்டல் கிளெய்முக்கும் விஏ வைத்திருக்கும் இலக்கு சராசரியாக 125 நாள்.

போர்டு அப்பீல்

10182 படிவம் போட்டால் கோப்பு வாஷிங்டனில் உள்ள படைவீரர் மேல்முறையீட்டு போர்டுக்குப் போகும். படைவீரர் சட்ட நீதிபதி ஒருவர் பார்ப்பார். இதற்குள் மூன்று வரிசை உண்டு. கோப்பை இருக்கிறபடி பார்க்கச் சொல்லலாம். அல்லது 90 நாளுக்குள் புதிய சான்று கொடுக்கலாம். இல்லாவிட்டால் நீதிபதி முன் பேச நேரம் கேட்கலாம். கோப்பை இருக்கிறபடி பார்க்கும் வரிசைக்கே போர்டின் இலக்கு 365 நாள். நீதிபதி முன் பேசும் விசாரணை கேட்டால் அதைவிட அதிகம்.

சட்டத்தைப் பொருள்கொள்வதில் தகராறு இருந்தாலோ, இரண்டு டாக்டர்கள் எதிரெதிராகச் சொல்லி விஏ ஒருவரை மட்டும் நம்பியிருந்தாலோ, இந்தக் குறைபாட்டோடு பெரிய ரேட்டிங் விஷயங்களும் சேர்ந்து நிற்கும்போதோ போர்டுக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. மாதம் 136 டாலர் சமாச்சாரம் ஒன்று மட்டும் என்றால், முதலில் போர்டுக்குப் போவதை நான் சொல்ல மாட்டேன். அப்படியே போனாலும், நீதிபதி முன் உட்கார்ந்து இதைப் பேசச் சங்கடப்படுகிறவர் விசாரணை கேட்க வேண்டியதில்லை. எழுத்தில் கொடுத்தாலே போதும். போர்டும் மறுத்தால் 120 நாளுக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்தக் கட்டத்தில் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

ஒரு வருடக் கணக்கு

மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருடம். ஹையர் லெவல் ரிவ்யூவுக்கும் போர்டுக்கும் அதுதான் எல்லை. சப்ளிமென்டல் கிளெய்மை எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ஒரு வருடத்துக்குள் போட்டால்தான் முதல் கிளெய்ம் போட்ட தேதியிலிருந்து பணம் கணக்காகும். தாண்டிப் போட்டால் புதுத் தேதியிலிருந்துதான். ஒரு நாள் பிந்தினாலும் ஒன்றரை வருட நிலுவை போய்விடலாம்.

இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஒரு பாதையில் தோற்றால், அந்த முடிவு வந்த ஒரு வருடத்துக்குள் இன்னொரு பாதைக்கு மாறலாம். சங்கிலி அறுபடாதவரை முதல் தேதி காப்பாற்றப்படும். ரிவ்யூவில் தோற்று சப்ளிமென்டல் போடலாம். அதிலும் தோற்றால் மறுபடி ரிவ்யூ கேட்கலாம், போர்டுக்கும் போகலாம். ரிவ்யூ முடிவின் மேல் உடனே இன்னொரு ரிவ்யூ மட்டும் கேட்க முடியாது. போர்டு முடிவின் மேலும் ரிவ்யூ கிடையாது. ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் வைக்கவும் முடியாது. ஆகவே முதலில் தவறான பாதையை எடுத்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று உடைந்துபோக வேண்டியதில்லை. போவது மாதங்கள்தான், அந்த ஒரு வருடத்தைக் கைநழுவ விடாதவரை.

என் மனைவிக்கு விஷயம் தெரியவந்தபின், சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரில் கடைசித் தேதியின் தாளைத் தேடிப் பிடித்துச் சிவப்பு மையால் சுழித்து வைத்தாள். தம்பி வந்தபோதெல்லாம் அந்தத் தாளைத்தான் முதலில் பார்த்தார்.

யாரிடம் உதவி கேட்பது

டிஏவி, அமெரிக்கன் லீஜியன், விஎஃப்டபிள்யூ போன்ற படைவீரர் அமைப்புகளில் விஏ அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இருக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. 21-22 படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அவர்கள் உங்கள் கோப்பைப் பார்த்து வேலை செய்வார்கள். சப்ளிமென்டல் கிளெய்முக்கு இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

அங்கீகாரம் பெற்ற வக்கீல், முதல் முடிவு வந்தபிறகுதான் கட்டணம் வாங்கலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம்வரை நியாயமான கட்டணம் என்று விதி கருதுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நியாயமற்றது என்று கருதுகிறது. ஒரு வருட எஸ்எம்சி-கே நிலுவை 1,632 டாலர் என்றால் அதில் 20 சதவீதம் 326 டாலர். இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் நல்ல வக்கீல் கிடைப்பது கடினம். வேறு பெரிய மறுப்புகளும் சேர்ந்திருந்தால் அப்போது தேடுங்கள்.

அங்கீகாரமே இல்லாமல், வரப்போகும் மாதத் தொகையில் ஐந்து மடங்கு ஆறு மடங்கு கொடுங்கள் என்று கேட்பவர்கள் ஃபோனில் வருவார்கள். வெளியே சொல்லக் கூச்சப்படும் குறைபாடு என்பதால் இவர்களுடைய பேச்சு இங்கே சுலபமாக எடுபடுகிறது. கையெழுத்துப் போடுமுன் விஏ-வின் அங்கீகாரத் தேடல் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லை என்றால் ஃபோனை வைத்துவிடுங்கள்.

மச்சினன் சப்ளிமென்டல் கிளெய்ம்தான் போட்டார். டாக்டரின் ஒரு பக்கம், மனைவியின் ஒரு பக்கம், மருந்துச் சீட்டுகளின் நகல். மேலே ஒரு சின்னக் கடிதம், அதில் 'பிடிஎஸ்டிக்கான மருந்தால் வந்த இரண்டாம் நிலைக் குறைபாடு, எஸ்எம்சி-கே-யும் கேட்கிறேன்' என்று தெளிவாக எழுதினோம். பரிசோதனைக்கு ஒரு முறை அழைத்தார்கள், போய் வந்தார். காலண்டரில் சுழித்த தாள் கிழிபடும் முன்பே பதில் வந்தது. விறைப்புக் குறைபாடு, பணித்தொடர்பு உண்டு, 0 சதவீதம். அதற்குக் கீழே எஸ்எம்சி-கே, முதல் கிளெய்ம் போட்ட தேதியிலிருந்து. இந்த முறை உறையை அக்கா முன்னாலேயே பிரித்தார்.